மலையிறங்கி வந்த சூடு

போன மே மாதம் கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, ஓமலூர் சாலையில் இருக்கும் ஒரு வேக சார்ஜரில் என் மின் காரை நிறுத்தி, சார்ஜர் கேபிளின் முனையான 'கன்'னைச் செருகினேன். பேட்டரியில் 41 சதவீதம் இருந்தது. சார்ஜரின் திரை, மின்சாரம் ஏறும் வேகம் 38 கிலோவாட் என்று காட்டியது. அரை மணி நேரத்தில் 80 சதவீதம் ஏறிவிடும், ஐந்து மணிக்குள் மேச்சேரிக் கடைகளுக்குச் சரக்கைக் கொடுத்துவிடலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். 38 என்ற எண் 22 ஆனது. சற்று நேரத்தில் 9 ஆனது. காரின் முன்பக்க விசிறி மாவு மில் போல இரைந்துகொண்டிருந்தது. பிறகு உள்ளே ஏதோ 'டக்' என்றது. சார்ஜ் நின்றுவிட்டது. பேட்டரி வெப்பநிலை அதிகம் என்ற எச்சரிக்கை சிவப்பில் எரிந்தது. பக்கத்தில் நின்றிருந்த வாடகைக் கார் ஓட்டுநர், "ஈரச் சாக்கை நனைத்து முன்னால் போடுங்கள் அக்கா, தணிந்துவிடும்" என்றார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். நானும் சாக்கைத் தேடினேன். கிடைக்காமல் போனது நல்லதாயிற்று. பேட்டரி இருப்பது இருக்கைகளுக்கு அடியில், தரையோடு தரையாக. பானெட்டின் மேல் போடும் ஈரச் சாக்கு அதைத் தொடக்கூட முடியாது. போதாததற்கு, காற்று போகவேண்டிய முன்பக்கக் கம்பி வலையையும் அடைத்துவிடும்.

அன்றைக்குத் தொடங்கி ஆறு வாரம் இந்தச் சூட்டின் பின்னால் அலைந்தேன். கண்டுபிடித்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன். சேலத்திலும் ஏற்காட்டிலும் மின் கார் வைத்திருப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். நம் ஊர் வெயிலும் நம் மலையும் சேர்ந்து ஒரு பேட்டரியை என்ன செய்யும் என்று காரோடு கொடுக்கும் புத்தகத்தில் யாரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

என் தொழில் தட்டுவடையும் முறுக்கும். அம்மாப்பேட்டையில் வீட்டின் பின்கட்டில் அடுப்பு. வாரத்தில் மூன்று நாள் ஏற்காட்டுக்குப் போய் ஏரிக்கரைக் கடைகளுக்கும் பேருந்து நிலையத்துக் கடைகளுக்கும் சரக்குப் போடுகிறேன். முன்பு வாடகை வண்டி வைத்திருந்தேன். நவம்பரில் பழைய மின் கார் ஒன்றை வாங்கினேன். 30 யூனிட் பேட்டரி. நீரோட்டத்தால் குளிர்விக்கும் வகை. உத்தரவாதம் இன்னும் பாக்கி இருந்தது. மழைக்காலத்திலும் மார்கழிக் குளிரிலும் ஒரு குறையும் சொல்லவில்லை. மார்ச் கடைசியில்தான் சார்ஜ் ஏறும் வேகம் குறையத் தொடங்கியது. நான் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன்.

என் முதல் தவறு, சார்ஜர்மேல் பழியைப் போட்டது. வேறு ஊர் வண்டிகள் அதே சார்ஜரில் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனதை நானே பார்த்திருந்தும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. அதே வாரத்தில் வீட்டில் இரவு சார்ஜ் போடும்போது பிளக் கை வைக்க முடியாத அளவு கொதித்தது. சார்ஜ் நள்ளிரவில் தானாக நின்றுபோனது. இரண்டும் ஒரே நோய், பேட்டரி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். இரண்டும் வேறு வேறு. ஒன்றை ஒன்றோடு குழப்பிக்கொண்டதால் மூன்று வாரம் வீணாயிற்று.

வழிக்குக் கொண்டுவந்தவன் என் தம்பி. செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருக்கிறான். "அக்கா, முதலில் எது சுடுகிறது என்று சொல். பேட்டரியா, பிளக்கா, கன்னா? மூன்றும் மூன்று கதை" என்றான். காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பரிசோதனைத் துளையில் செருகும் சிறிய ஓ.பி.டி. கருவி ஒன்றைக் கொடுத்தான். கைப்பேசியோடு இணைத்தால் பேட்டரிக்குள் இருக்கும் உணரிகளின் வெப்பநிலை தெரியும். அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக்கொடுத்து, நேரம், வெளி வெப்பம், பேட்டரி வெப்பம், சதவீதம், கிலோவாட், எங்கிருந்து வந்தேன், எவ்வளவு நேரம் நிறுத்தியிருந்தேன் என்று கட்டம் போட்டுக் கொடுத்தான். கணக்கு நோட்டு எழுதிப் பழகிய கை என்பதால் இது எனக்குச் சிரமமாக இல்லை.

பத்து நாள் எழுதியதும் நோட்டே பேசத் தொடங்கியது. சேலத்துக்குள்ளேயே ஓடிய நாள்களில் வேக சார்ஜர் பழுதில்லாமல் சார்ஜ் ஏற்றியது. நின்றதும் வேகம் குறைந்ததும் எல்லாம் செவ்வாய், வெள்ளி, சனி. நான் மலைக்குப் போகும் நாள்கள்.

ஒரு வெள்ளிக்கிழமைப் பக்கத்தை அப்படியே தருகிறேன். காலை எட்டு மணிக்கு வீட்டில் பேட்டரி 34 டிகிரி. ஏற்காடு போய்ச் சேர்ந்தபோது 41. மேலே மூன்று மணி நேரம் நிறுத்தியிருந்தேன். காற்று குளுகுளுவென்று இருந்தது. பேட்டரியோ 39-க்குத்தான் இறங்கியது. அடிவாரத்துக்கு வந்தபோது 42. ஓமலூர் சாலை சார்ஜருக்கு வந்தபோது 43. செருகிய பத்து நிமிடத்தில் 48. வேகம் 46-லேயே குறையத் தொடங்கிவிட்டது.

சார்ஜரில் தெரிந்த சூட்டில் பெரும்பங்கு சார்ஜர் கொடுத்தது அல்ல. மலையிலிருந்து நானே சுமந்துகொண்டு வந்தது.

ஏறும்போது பேட்டரி சுடுவது புரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகள், பின்னால் சரக்கு. கார், ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து 1,600 கிலோ என்று வைத்து, 1,200 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் எவ்வளவு மின்சாரம் என்று தம்பி நோட்டின் ஓரத்தில் போட்டுக் காட்டினான். ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். அது தூக்குவதற்கு மட்டும். உருளும் செலவு தனி. என் காரில் ஏறுவதற்கு ஒன்பது, பத்து யூனிட் ஆகிறது.

இறங்கும்போது ஏன் சுடவேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஆக்சிலரேட்டரைத் தொடுவதே இல்லையே, பேட்டரிக்கு ஓய்வுதானே என்று நினைத்திருந்தேன். அது ஓய்வு அல்ல. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, அந்தச் சக்தியை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குள் தள்ளுகிறது. அதாவது ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டேதான் வருகிறது. மூன்று, மூன்றரை யூனிட் எனக்குத் திரும்பக் கிடைக்கிறது. மின்னோட்டம் வெளியே போனாலும் சூடு, உள்ளே வந்தாலும் சூடு. அதிலும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்று காயில் சுற்றுகிறவனுக்குத் தெரியும். வளைவுக்கு வளைவு கடைசி நேரத்தில் அழுத்திப் பிடித்து இறங்குவதற்கும், ஒரே சீராக மெதுவாக இறங்குவதற்கும் என் நோட்டில் ஒரு டிகிரிக்குமேல் வித்தியாசம் தெரிகிறது.

மேலே மூன்று மணி நேரம் நிறுத்தியும் இரண்டு டிகிரிதான் குறைந்தது என்பதற்கு எனக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை. என் அடுப்பில் இருப்பது வார்ப்பிரும்புச் சட்டி. அடுப்பை அணைத்து வெகு நேரம் கழித்தும் அது சுட்டுக்கொண்டே இருக்கும். என் காரின் பேட்டரி ஏறக்குறைய 250 கிலோ. அவ்வளவு கனமான பொருள் சுடுவதும் மெதுவாக, ஆறுவதும் மெதுவாக. தம்பியின் கணக்குப்படி ஒரு யூனிட் மின்சாரம் அப்படியே சூடாக மாறி அதற்குள் தங்கினால் சுமார் 14 டிகிரி ஏறும். 40 கிலோவாட்டில் அரை மணி நேரம் சார்ஜ் போட்டு, அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு சூடாகப் போனாலும் ஒரு யூனிட் ஆகிவிடுகிறது. 30 டிகிரியில் வந்து செருகினால் அந்த 14-ஐத் தாங்கும். 43-ல் வந்து செருகினால் தாங்காது. லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரிக்குமேல் வேகமாகச் சார்ஜ் செய்தால் ஆயுள் குறையும் என்பதால், அதைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணு அமைப்பு அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறது. அன்று சார்ஜ் நின்றபோது நான் திட்டினேன். அது தன் கடமையைச் செய்தது.

ஆனால் ஒரு கேள்வி மீதி இருந்தது. இது நீரோட்டத்தால் குளிர்விக்கும் பேட்டரி ஆயிற்றே. அந்தக் குளிர்ச்சி எங்கே போயிற்று?

சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். பேட்டரியைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. கணினியைச் செருகிப் பார்த்தார்கள், பழுதுக் குறியீடு எதுவும் இல்லை. "சேலத்து வெயில் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று மனம் மிகவும் சோர்ந்துபோனது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், சூரமங்கலம் தாண்டும்போது, ஏசியை நான்காம் எண்ணில் வைத்தும் வியர்க்கிறதே என்று எரிச்சலோடு குமிழைத் திருகினேன். ஏசி சரியாகக் குளிரவில்லை என்பது மார்ச் மாதத்திலிருந்தே எனக்குத் தெரியும். கோடை வெயிலால்தான் என்று நினைத்து விட்டுவைத்திருந்தேன்.

அன்றிரவு தம்பியிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவன் எழுந்தே விட்டான். "அக்கா, இரண்டுக்கும் கம்ப்ரசர் ஒன்றுதான்!"

இதைக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளவேண்டும். நீரோட்டத்தால் குளிர்விக்கும் பல மின் கார்களில், பேட்டரியைச் சுற்றிவரும் கூலன்ட் வெளிக் காற்றால் மட்டும் ஆறுவதில்லை. வெளியே 40 டிகிரி இருக்கும்போது வெளிக் காற்றைக் கொண்டு பேட்டரியை 35-க்கு எப்படி இறக்க முடியும்? அதனால் ஏசியின் குளிர் வாயுவில் ஒரு பங்கு 'சில்லர்' என்ற சிறிய பெட்டிக்குள் போய்க் கூலன்ட்டைக் குளிரவைக்கிறது. ஆகவே ஏசி வாயு குறைந்தாலோ, ஏசி வாயுவின் சூட்டை வெளியேற்ற முன்பக்கம் இருக்கும் கண்டென்சர் அடைத்திருந்தாலோ, முதலில் நமக்கு வியர்க்கும், அடுத்து பேட்டரிக்குக் காய்ச்சல் வரும். பெட்ரோல் காரில் ஏசி கெட்டால் புழுக்கத்தோடு போயிற்று. மின் காரில் அப்படி விட்டுவைக்கக் கூடாது.

இரண்டாம் முறை போனபோது நோட்டை எடுத்துப் போனேன். மலை நாள், ஊர் நாள் என்று பிரித்துக் காட்டினேன். ஏசி குளிரவில்லை என்பதையும் எழுத்தில் புகாராகப் பதியச் சொன்னேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் பக்கங்களை நிதானமாகப் புரட்டிவிட்டு, முன்பக்க பம்பரைக் கழற்றச் சொன்னார். கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே மண், பூச்சிகளின் இறகு, சில்வர் ஓக் மரத்தின் காய்ந்த இலைத் துணுக்கு எல்லாம் கம்பளம் போலப் படிந்திருந்தன. காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் அதே சில்வர் ஓக். நவம்பரிலிருந்து நான் மலையில் சேர்த்துக்கொண்டு வந்தது அது. ஏசி வாயுவும் குறைவாக இருந்தது. ஒரு இணைப்பில் கசிவு. அதை மாற்றி, வாயு நிரப்பி, தகடுகள் மடங்காமல் மெல்லிய நீர்த்தூவலால் கழுவிக் கொடுத்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே வழி, அதே சரக்கு, அதே வெயில். சார்ஜருக்கு வந்தபோது 42. செருகியதும் விசிறி இரைந்தது. 43-க்குப் போனது. பிறகு 42, 41. சார்ஜ் 80 சதவீதம் வரை நிற்காமல் ஏறியது. அன்று மேச்சேரிக்கு நேரத்தோடு போய்விட்டேன்.

விசிறிச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சார்ஜ் போடும்போது விசிறியும் கம்ப்ரசரும் இரைவது நல்ல அறிகுறி. பேட்டரி சூடாக இருந்தும் சத்தமே இல்லை என்றால்தான் கவலைப்படவேண்டும். விசிறி, கூலன்ட் பம்ப், அவற்றின் ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கூலன்ட் டப்பாவில் அளவுக் கோட்டை நாமே வெளியிலிருந்து பார்க்கலாம், அதுவும் கார் ஆறியிருக்கும்போது. குறைந்திருந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றவேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் துணி துவைக்கவே நுரை வராது; அதை அந்த மெல்லிய குழாய்களுக்குள் விட்டால் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். காரின் புத்தகத்தில் எந்தக் கூலன்ட் என்று சொல்லியிருக்கிறதோ அது மட்டும். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் யாரும், எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்தாலும், மின் காருக்கான பயிற்சி இல்லாமல் தொடக் கூடாது. அதில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட் நேர் மின்சாரம்.

இனி வீட்டுப் பிளக்கின் கதை. பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வீட்டுக்கு ஆபத்து என்று பார்த்தால் இதுதான் பெரியது.

வாசல் ஓரத்தில் மாவு அரைக்கும் மோட்டாருக்காகப் பல வருடங்களுக்குமுன் போட்ட 15 ஆம்பியர் சாக்கெட் ஒன்று இருந்தது. காரோடு வந்த சார்ஜரை அதில்தான் செருகி வந்தேன். கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும், நின்றுவிடும். கார் அப்படியல்ல. ஏறக்குறைய 14 ஆம்பியரை ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கும். தம்பி மெயினை அணைத்துவிட்டுச் சாக்கெட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். மூன்று துளைகளில் ஒன்றின் விளிம்பு மட்டும், எண்ணெயில் ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடந்த தட்டுவடையின் நிறத்தில் இருந்தது. உள்ளே இருந்த பித்தளைப் பிடிப்பு தளர்ந்து, பளபளப்புப் போய், நீலமும் கறுப்புமாக மாறியிருந்தது. பின்னால் கம்பியை இறுக்கும் திருகாணியை நகத்தாலேயே திருக முடிந்தது. கம்பியின் மேலுறை ஒரு அங்குலம் வரை இறுகி, வளைத்தால் அப்பளம் போல நொறுங்கியது. மூக்கருகே கொண்டுபோனால் கருகிய மீன் வாடை. அந்த வாடை பல நாளாக வாசலில் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சமையல் என்று நினைத்திருந்தேன்.

"அந்தத் தளர்ந்த இடத்தில் ஒரு ஓம்மில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும் அக்கா. பதினான்கைப் பதினான்கால் பெருக்கிப் பத்தில் ஒரு பங்கு எடு. இருபது வாட். என் கடையில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் இருபத்தைந்து வாட்" என்றான். இரவு முழுவதும் என் வாசல் சுவருக்குள் ஒரு சூட்டுக்கோலைச் செருகிவைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அந்தச் சுவருக்கு மறுபக்கம் என் எண்ணெய் டின்கள். அதற்கு அடுத்து எரிவாயு சிலிண்டர்கள்.

என் மாமியார் கார் வாங்கிய நாளிலிருந்தே இரவில் சார்ஜ் போடுவதை எதிர்த்து வந்தார். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்துபோன செய்தியை அவர் மறக்கவே இல்லை. "அது ஸ்கூட்டர் அத்தை, இது கார்" என்று ஒவ்வொரு முறையும் சமாதானம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சாக்கெட்டைப் பார்த்த பிறகு அவரிடம் போய், நீங்கள் பயந்தது சரிதான் என்று சொன்னேன்.

அடுத்த நாளே வேலையைத் தொடங்கினோம். மீட்டர் பலகையிலிருந்து காருக்கென்று தனி லைன், 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. இந்தச் சார்ஜருக்கு 4 போதும். நாளைக்குப் பெரிய சார்ஜர் வைத்தால் மாற்ற வேண்டாம் என்று 6 போட்டோம். மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி., கசிவு மின்சாரத்தைக் கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., நீல நிறத்தில் மூடியோடு வரும் தொழிற்சாலைச் சாக்கெட், அதற்குப் பொருந்தும் பிளக், புதிதாக ஒரு எர்த் குழி. எக்ஸ்டென்ஷன் கம்பி, இரண்டுக்கு மூன்று மாற்றி பிளக் எதுவும் இடையில் கிடையாது. இடமும் மாற்றினோம். கார் இப்போது தெருவோரத் தகர நிழலில், சமையல்கட்டுக்கு எதிர்ப்புறம் நிற்கிறது. செலவு உறுத்தியது, மறைக்கவில்லை. வீட்டில் இருக்கும் உயிர்களை எண்ணிக் கொடுத்தேன்.

பிளக்கைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. சார்ஜ் தொடங்கி அரை மணி நேரம் கழித்து எம்.சி.பி.யை அணைத்துவிட்டுப் பிளக்கை எடுத்து, அதன் உடலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் இயல்பு. கையை எடுக்கவேண்டும் என்று தோன்றினால் அந்தச் சாக்கெட்டில் இனிமேல் காரைச் செருகாதீர்கள். சில சார்ஜர்களின் பிளக்கிலேயே வெப்ப உணரி இருக்கும். அதுதான் என் சார்ஜை நள்ளிரவில் நிறுத்தியது. வேக சார்ஜரின் கன் அளவுக்குமேல் சுட்டாலும் இதே காரணம்தான். முனைகளில் தூசியோ தேய்மானமோ இருக்கும். கன்மேல் ஈரத்துணி சுற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வேறு கன்னுக்கு மாறுங்கள், அங்கிருப்பவர்களிடம் சொல்லுங்கள்.

மலை நாள்களின் வரிசையையும் மாற்றிவிட்டேன். எல்லாவற்றிலும் அதிகப் பலன் கொடுத்தது இதுதான். ஒரு காசு செலவில்லை. முன்பு ஏற்காடு முதலில், ஓமலூர், மேச்சேரி பிற்பகலில். இப்போது இரவு பதினொரு மணிக்குமேல் வீட்டில் மெதுவான சார்ஜ், விடியும்போது 90 சதவீதம். காலை வெயில் ஏறுவதற்குமுன் ஓமலூர் பக்கம் முடித்துவிட்டு வந்து, வீட்டில் சரக்கு ஏற்றும் நேரத்தில் மறுபடி சிறிது சார்ஜ். பிறகு மலை. இறங்கி வந்தால் வேறு எங்கும் போவதில்லை. காரை அப்படியே விட்டுவிடுகிறேன். இரவு பதினொரு மணிக்குப் பேட்டரி 36-க்கு வந்திருக்கும். 3.3 கிலோவாட் சார்ஜில் அதற்குமேல் ஏறுவது ஒன்றோ இரண்டோ டிகிரிதான்.

மலையிறங்கிய உடனே வேக சார்ஜ் போட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நாளும் வரும். அன்றைக்கு நான் செய்வது: கோரிமேட்டிலிருந்தே ஏசியைப் போட்டு, 40 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் போகாமல் வருவேன். நிழலில் நிறுத்திவைத்தால் ஆறிவிடும் என்று முன்பு ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் காத்திருப்பேன். இரண்டு டிகிரிகூடக் குறையாது. என் காரில் அணைத்ததும் கூலன்ட் பம்பும் நின்றுவிடுகிறது. அதனால் காரை அணைக்காமல், ஏசியோடு கால் மணி நேரம் நிறுத்திவைப்பது அதைவிட நன்றாகக் குளிர்விக்கிறது. இரண்டு சார்ஜர் இருந்தால் சிறியதைத் தேர்ந்தெடுப்பேன். 80 சதவீதத்தோடு எழுந்துவிடுவேன். காய்ந்த தாரின்மேல் நிறுத்தமாட்டேன். தார் நம் தலைக்குமேல் அடிக்கும் வெயிலைவிடச் சூடு, பேட்டரியோ அதிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்குகிறது.

ஏற்காட்டிலேயே வீடு, தோட்டம், விடுதி வைத்திருப்பவர்களுக்கு வேறு விதமான எச்சரிக்கை. இரவு 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரி இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. மோட்டார் பிடிக்காது, இருபது வளைவுக்கும் கால் பிரேக்கை மட்டும் நம்பவேண்டியிருக்கும், பிரேக் சூடாகும். என் காருக்குக் கீழே இறங்கும்வரை பத்து, பன்னிரண்டு சதவீதம் ஏறுகிறது. மேலே 85-ல் நிறுத்திக்கொண்டால் அடிவாரத்தில் 95 கையில் இருக்கும். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரிக்கு அவ்வப்போது முழுதாக நிரப்பச் சொல்லி நிறுவனங்கள் சொல்வதுண்டு. அதைச் சமவெளிக்கு வரும் நாளில் வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் பொறுமையாகச் சரிசெய்யக்கூடிய சூடு. பொறுமை கூடாத சூடும் உண்டு. சார்ஜில் இருக்கும் காரிலிருந்து இனிப்பும் காரமும் கலந்த, நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற வாடை வந்தால், அடியில் 'உஸ்' என்ற சத்தமோ 'பட் பட்' என்று வெடிப்போ கேட்டால், வெள்ளைப் புகை தெரிந்தால், நோட்டெழுத நிற்கக் கூடாது. கைக்கு எட்டினால் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களை எல்லாம் வெளியே கொண்டுவந்து, தூரமாகப் போய் 101-க்கோ 112-க்கோ அழைத்து, மின் கார் என்று சொல்லுங்கள். அந்தப் புகை நச்சு. முகத்தை மூடிக்கொண்டு சாமான் எடுக்க உள்ளே போகக் கூடாது. தீ அணைந்ததுபோலத் தெரிந்தாலும் பல மணி நேரம் கழித்து, சில சமயம் நாள் கழித்தும், மறுபடி பற்றும். தீயணைப்பு வீரர்கள் ஏராளமான தண்ணீரை நெடுநேரம் அடிப்பது அதனால்தான். எங்கள் வீட்டில் இந்த எண்களை மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். மாமியாருக்கும் எம்.சி.பி. எது என்று காட்டிக்கொடுத்துவிட்டேன். அவரே இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

நோட்டில் இப்போது நான் கூர்ந்து பார்ப்பது வேறு ஒரு கட்டம். பேட்டரிக்குள் இருக்கும் உணரிகளில் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் உள்ள இடைவெளி. வழக்கமாக இரண்டு டிகிரிதான் இருக்கும். ஆடி மாதத்திலிருந்து ஒரே உணரி மட்டும் மற்றவற்றைவிட மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. பேட்டரி முழுவதும் சேர்ந்து சுட்டால் வெயிலும் மலையும் காரணமாக இருக்கலாம். ஒரே இடம் மட்டும் தனியாகச் சுட்டால் அந்த இடத்து செல்களையோ அவற்றை இணைக்கும் பட்டையையோ பார்க்கவேண்டும் என்று மூத்த மெக்கானிக் சொன்னார். இடைவெளி ஐந்தைத் தொட்டால் காத்திராமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். உத்தரவாதம் முடிவதற்குள் பதிவாகியிருக்கவேண்டும் என்பதற்காக இதை இப்போதே எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணோடு வேலைச் சீட்டு வாங்கி நோட்டின் அட்டைக்குள் வைத்திருக்கிறேன். நேற்று மலையிறங்கி வந்தபோது இடைவெளி மூன்று. இன்று காலையும் மூன்றுதான்.